எல்வுட்டின் பிக்அப்பில் எல்வுட்

கீழே சொல்வது அத்தனையும் சத்தியம். ஒரு சொல் பிசகினாலும், இனி நான் பிடிக்கிற மீன் எதுவும் விரல் நீளத்தைத் தாண்டாமல் போகட்டும். எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் இதற்கு மேல் சத்தியம் கிடையாது.

வெர்னா மறுபடியும் ஆக்சிலேட்டரை மிதித்தாள். பிக்அப் இரண்டு முழம் பாய்ந்து, இருமி, அணைந்தது. பின்னால் பெட்டிக்குள் அவள் அப்பா எல்வுட் கடகடவென்று பின்பக்கம் நழுவினார். பெட்டியைப் பிடித்தபடி நின்றிருந்த தம்பி ட்வைட் கத்தினான்.

"மெதுவாக்கா! உசுருதான் போச்சு, அவரு முட்டிவலி இன்னும் போயிருக்காது."

எங்கள் பக்கம் குடும்பக் கல்லறைகள் குன்றின் உச்சியில் இருக்கும். சவ ஊர்தி அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் பிக்அப்தான். எல்வுட் தன் மனைவியைத் தன் பிக்அப்பில்தான் ஏற்றிக்கொண்டு போனார். "என்னையும் அதுலயே ஏத்தும்மா, நீயே ஓட்டு" என்று போன மாதம் தொலைபேசியில் மகளிடம் கேட்டார். அவளும் சரி என்றாள். அவர் கேட்டு அவள் சரி என்ற விஷயங்கள் அதிகமில்லை.

சவ ஊர்வலத்தைக் கண்டால் எதிரே வருகிற வண்டி ஓரங்கட்டி நிற்க வேண்டும், ஊர்வலம் கடந்து முடியும்வரை கிளம்பக் கூடாது. ஊர்வலம் நகரவே நகராவிட்டால் என்ன செய்வதென்று யாரும் சொல்லிவைக்கவில்லை. ஆகவே நிலக்கரி லாரி நின்றது. பள்ளிப் பேருந்து நின்றது. ஒரு திருடனும் அவனைத் துரத்தி வந்த ஷெரிஃபும் முன்னும் பின்னுமாக, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தபடி நின்றார்கள்.

பானட் திறந்தது. எங்கள் ஊரில் பானட் திறந்தால் ஒரு ஆணும் இருக்கையில் தங்க மாட்டான்.

"பெட்ரோல் ஃபில்டர் அடைச்சிருக்கு," என்றார் வெர்னாவின் தாய்மாமன் பர்ல்.

"நேத்துதான் மாமா மாத்தினேன்," என்றான் ட்வைட்.

"அப்ப பம்ப்பு."

"பம்ப்பு இல்ல பெருசு, கார்புரேட்டர்," என்றான் லாரிக்காரன். "சும்மா நிக்கிறப்ப நல்லா ஓடுது பாரு. மிதிச்சாத்தான் சாவுது."

"அந்த வார்த்தைய மட்டும் இன்னிக்கு வேணாம்ப்பா," என்றார் அடக்க ஜெபத்துக்கு வந்திருந்த ஹாலிஸ் பாஸ்டர்.

கழற்றினார்கள், ஊதினார்கள், மாட்டினார்கள். அவரவர் வண்டியிலிருந்து ஆளுக்கொரு பாகம் கொண்டுவந்தார்கள். திருடன்கூட நல்ல ஸ்பார்க் பிளக் கொடுத்தான். மதியத்துக்குள் அந்த பிக்அப்பில் எல்வுட்டுடையது என்று சொல்ல எல்வுட் மட்டும்தான் மிச்சம். ஒவ்வொரு முறையும் வெர்னா மிதித்தாள், ஒவ்வொரு முறையும் அது அணைந்தது.

அடக்கம் முடிந்து சாப்பிட வைத்திருந்த பன்றித்தொடைக் கறியும் உருளைக்கிழங்கு சாலடும் நடுரோட்டில் பரிமாறப்பட்டன. மேற்கே மேகம் கறுத்தது.

ட்வைட் ஜன்னலருகே வந்தான். "என் வண்டியில மாத்திருவோம்க்கா. மழை வந்தா எந்த வண்டியும் மேல ஏறாது."

"அவருகிட்ட சொல்லிட்டேன்டா."

"வரேன்னுகூடத்தான் சொன்ன. ஒவ்வொரு கிறிஸ்துமஸும்."

வெர்னா ஸ்டீயரிங்கைப் பார்த்தாள். இரண்டு இடங்களில் அது தேய்ந்து வழவழத்திருந்தது. அவள் கை அந்த இடங்களைத் தவிர்த்து வேறு இடத்தில் பிடித்திருந்தது. முந்தாநாள் ஓஹையோவிலிருந்து ஒரே மூச்சில் ஓட்டி வந்தவள். நேற்று முழுக்க இந்த வண்டியைக் கழுவினாள். அழுகை வரவில்லை. அந்த இருக்கையிலேயே சாய்ந்து தூங்கிவிட்டால் போதும் என்றிருந்தது. அவள் மனதில் ஓடியது எனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரியும்.

"டேங்க்ல தண்ணி எறங்கியிருக்குதான்னும் பாத்துருவோம்," என்று பர்ல் பின்பக்கம் போனார். "இதென்ன புது மூடி?"

"நான்தான் மாமா போட்டேன்," என்றாள் வெர்னா இறங்கி வந்து. "அழுக்குத் துணியச் சுருட்டி அடைச்சு வச்சிருந்தாரு. நாலு பேரு வர்ற எடத்துல அசிங்கமா இருக்கேன்னு..."

பர்ல் மூடியைத் திருகினார். டேங்க் மூச்சை இழுத்தது. அப்படி ஒரு இழுப்பு. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த பாஸ்டரின் டை முடிச்சுவரை உள்ளே போய்விட்டது. அதை மீட்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"பாத்தியா! காத்து உள்ள போக ஒரு ஊசி ஓட்டைகூட இல்ல இதுல," என்றார் பர்ல். "அப்புறம் எப்படி பெட்ரோல் எறங்கும்? சும்மா நின்னா கொஞ்சம் போதும், சமாளிச்சுக்கும். மிதிச்சு நெறைய கேட்டா பட்டினி."

"அப்பாவுக்கு இது தெரிஞ்சிருக்கு."

"மண்ணு தெரியும். மூடியத் தொலைச்சாரு, துணிய அடைச்சாரு. எங்க அந்தத் துணி?"

"எரிச்சிட்டேன்."

ட்வைட் காதைச் சொறிந்துகொண்டான். வெர்னா கைப்பையைத் திறந்து, அடக்கத்துக்கென்று இஸ்திரி போட்டுக் கொண்டுவந்த கைக்குட்டையை எடுத்தாள். மடிப்புக் கலையாமல், ஈரம் படாமல் இருந்தது. சுருட்டி டேங்க்கின் வாயில் அடைத்தாள்.

பிக்அப் ஏறியது. முதல் தூறல் விழுவதற்குள் உச்சியில் நின்றது. கீழே திருடன் கிளம்பினான், அவன் போகட்டுமென்று மரியாதைக்குக் கொஞ்சம் பொறுத்து ஷெரிஃபும் கிளம்பினார்.

மேலே எஞ்சினை அணைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேல் பாஸ்டர் தொண்டை கிழிய ஜெபித்தார். வெர்னா இருக்கையை விட்டு இறங்கவில்லை. பெட்டி குழிக்குள் இறங்குவதைக் கண்ணாடியில் பார்த்தாள். மண் விழுந்து முடிந்தது. எல்லோரும் நனைந்தபடி இறங்கிப் போனார்கள். அவள் கால் ஆக்சிலேட்டரின் மேல், குழந்தையின் முதுகில் வைத்த கை மாதிரி, அழுத்தாமல் இருந்தது.

இனி எனக்கு விரல் நீள மீன்தான்: எல்வுட்டின் அடக்கத்துக்கு வெர்னா வரவில்லை.