ஐந்து பக்க அழுகை

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் ராணி மூன்று நாளாகச் செத்துக்கொண்டிருந்தாள். இன்னும் சரியாகச் செத்தபாடில்லை.

"சாவு நல்லா இருக்கும்மா. அதுக்கு முன்னாடி கெஞ்சுறீங்க பாருங்க, அதுதான் ஒட்டலை. இன்னொருவாட்டி," என்றார் இயக்குநர். அவருக்கு அங்கே 'இன்னொருவாட்டி சார்' என்றுதான் பெயர்.

ராணிக்குக் குரல் கொடுப்பவள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு நின்றாள். முப்பத்தொரு வயது. நின்று நின்று முழங்கால் கடுத்தது.

வானொலிக்கான பழைய சோக நாடகம் அது. போருக்குப் போன ராஜா திரும்பி வருகிறான். ராணியின் ஜன்னலில் விளக்கு எரிந்ததென்று எவனோ காதில் போடுகிறான். ஏன் எரிந்தது என்று ராஜா கேட்கிறான். பதிலுக்குக் காத்திருக்காமல் கழுத்தை நெரிக்கிறான். அப்புறம் உண்மை தெரிந்து ஐந்து பக்கத்துக்கு அழுகிறான். ராணிக்கோ நாடகம் முழுக்கக் கூட்டிப் பார்த்தாலும் நான்கு பக்கம் தேறாது.

இந்தப் பக்கத்து சோபாவில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான். ஃபிரிட்ஜ் மெக்கானிக். மூன்று நாளும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். "நான் கூட வந்து உட்காருவேன். சம்மதம்னா போ" என்பது அவன் பேச்சு. அவளும் தலையாட்டியிருந்தாள். ஏற்கெனவே பார்த்த தையல் கடை வேலை, கட்டிங் மாஸ்டர் ஒரு நாள் சிரித்துப் பேசியதில் போனது. அதற்கு முந்தைய வேலை, பஸ் தாமதமாகி அவள் வீட்டுக்கு நேரங்கழித்து வந்ததில் போனது. இந்த நாடகம் ஒழுங்காக முடிந்தால் வாரத்தில் ஐந்து நாளும் தொடர் நாடகம் தருவதாக இன்னொருவாட்டி சார் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வெளியே அவளுக்கென்று மிச்சமிருந்தது இந்தக் கூடம் ஒன்றுதான்.

அன்றைக்கு ராஜாவாகப் பேசுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, வரவில்லை. எதிரில் யாரும் கேட்காமல் யாரிடம் கெஞ்சுவது? இயக்குநர் சோபாவைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, சும்மாதானே இருக்கீங்க? உள்ள போய் ராஜா வசனத்தை வாசிங்க. உங்க குரலை அப்புறம் நீக்கிடலாம். அவங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்."

அவன் எழுந்து, பாக்கெட்டிலிருந்த சீப்பை எடுத்துத் தலையை வாரினான்.

"மைக்கு முகம் பார்க்காது தம்பி," என்றாள் ஒலிப்பதிவு அக்கா. பொத்தான்களுக்கு முன்னால் இருபது வருடம் உட்கார்ந்தவள். எதற்கும் தலை நிமிர மாட்டாள்.

முதலில் அவன் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வாசித்தான். "உன் ஜன்னலில் விளக்கு ஏன் எரிந்தது. சொல். யாருக்காக ஏற்றினாய்."

"உங்களுக்காகத்தான், அரசே," என்றாள் அவள், குரலில் அழுகையைக் கூட்டி.

"காகிதத்தை விடுங்க தம்பி," என்றார் இயக்குநர். "அவங்களைப் பார்த்துக் கேளுங்க."

அவன் காகிதத்தைத் தாழ்த்தி அவளைப் பார்த்தான்.

"சொல்லு. யாருக்கு? எனக்கா? நான்தான் ஊர்லயே இல்லையே. எனக்கென்ன, இன்னும் காது குத்தலைன்னு நினைச்சியா? அன்னைக்கு நாலு மணிக்கு வேலை முடிஞ்சு அஞ்சேகாலுக்கு வீட்டுக்கு வந்தே. நடுவுல எங்க இருந்தே? கீழ என்ன பார்வை? என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

"பஸ் வரலைங்க," என்றாள் அவள்.

ராணியின் தேசத்தில் பஸ் கிடையாது. அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

"பஸ் வரலையா, யாராச்சும் விடலையா?"

"ஒன்னும் இல்லைங்க. சத்தியமா ஒன்னும் இல்லை."

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த இயக்குநர் தொடையைத் தட்டினார். "இதைத்தான் மூணு நாளா கேட்டேன். அந்த பஸ்ஸை மட்டும் வெட்டிடலாம். தம்பி, உங்களுக்குள்ள இப்படி ஒரு நடிகனா? ராஜாவை நீங்களே பண்ணுங்க. தொடர்லயும் ரெண்டு பேரும் ஜோடியாவே பேசலாம்."

அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "அந்த அழுகைப் பக்கத்தையும் பண்ணிடுவேன் சார். எனக்கு அழுகை நல்லா வரும்."

உண்மைதான், நன்றாக வரும். கை ஓங்கிய மறுநாள் காலையில் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுவான். டீ போட்டுக் கொடுத்து, தலையைத் தடவி, சமாதானம் சொல்லி அவள்தான் வேலைக்கு அனுப்ப வேண்டும். அந்த அழுகையில் பொய் இல்லை. அதுதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகக் களைக்க வைத்தது.

அக்கா பதிவானதைப் போட்டுக் காட்டினாள். ஒலிபெருக்கியில் ஒரு பொம்பளை 'ஒன்னும் இல்லைங்க' என்றாள். அதில் அழுகையும் இல்லை, பயமும் இல்லை. மணி கேட்டவனுக்கு மணி சொல்வது போலச் சொன்னாள். யார் இந்தக் கிழவி என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

"சார், அவர் வேணாம்," என்றாள்.

"ஏம்மா? அபாரமா நடிச்சாரே."

"அது நடிப்பு இல்லை சார். வீட்ல தினமும் இதான்."

 

"ஏய், என்ன உளர்றே? வெளிய வா," என்றான் அவன். பிறகு இயக்குநரிடம் திரும்பிக் குரலை இறக்கினான். "எல்லா வீட்லயும் நடக்குறதுதானே சார். உங்களுக்குத் தெரியாததா?"

இயக்குநர் மடியிலிருந்த காகிதங்களை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார். மூன்று நாளாக அவர் கேட்டது கிடைத்துவிட்டது. அதை எங்கே வைப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

ஒலிப்பதிவு அக்கா தலை நிமிர்ந்தாள். "தம்பி, இங்க பேசுறது எல்லாம் பதிவாகுது. நீங்க கிளம்புங்க. அவளுக்கு வேலை இருக்கு."

அவன் ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வெளியாள் முன்னால் பேசும் மரியாதையோடு, "வேலை முடியட்டும்மா. நான் வாசல்ல நிக்கிறேன்," என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த மரியாதைக்கு வீட்டில் என்ன விலை என்று அவளுக்குத் தெரியும். தடுப்பின் கதவைத் திறந்துகொண்டு அக்காவிடம் வந்தாள்.

"அக்கா, உங்க வீட்ல இன்னைக்கு ஒரு பாய் போட இடம் இருக்குமா?"

"பாய் எதுக்கு? கட்டிலே சும்மாதான் கிடக்கு. பூனையோட மல்லுக்கட்டணும், அவ்வளவுதான். பின்பக்கமா போயிடலாம்."

"மாத்துத் துணி இல்லையே."

"என்னோடதைப் போட்டுக்கோ. உன்னை மாதிரி ரெண்டு பேர் உள்ள நுழையலாம்."

"நாளைக்கும் வந்து நிப்பாருக்கா."

"நிப்பான்," என்றாள் அக்கா. பொத்தான்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் மறுபடி மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் பேசுறீங்களாம்மா?"

"உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டேன் சார். இப்பவே பேசிடுறேன்," என்றாள்.