ஏழாவது ஸ்டார்ட்

மைதானத்தில் அவனுக்கு மரியாதை இருந்தது என்றால் அது அவனுடைய பிடிவாதத்துக்குத்தான். தங்கைக்குப் பயிற்சி கொடுப்பவன் அவன். அவள் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் முழு வேகத்தில் கிளம்பக் கூடாது. நூறு மீட்டர் ஓடுகிறவர்களுக்குக் கிளம்பும் உந்தலில்தான் பின்தொடைச் சதை கிழியும். ஆறு முடிந்ததும், கால் ஊன்றும் கட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுவான். தடகளச் சங்கத் தலைவரே ஒருமுறை விருந்தாளிகளுக்கு வேடிக்கை காட்ட ஏழாவது கேட்டபோது, "உங்க வீட்டுக் கார் இல்ல சார் இவ, ஸ்டார்ட் பண்ணிப் பண்ணிக் காட்டறதுக்கு" என்று முகத்துக்கு நேரே சொன்னவன். அப்பேர்ப்பட்ட ஆள் ஒரு சினிமா ஹீரோ முன்னால் குழைந்து போனான்.

ஹீரோவுக்குக் கொஞ்ச காலமாகப் படம் ஓடவில்லை. சரி, ஓடுகிறவர்களைப் பிடிப்போம் என்று, விளையாட்டு வீரர்களுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றை ஆரம்பித்திருந்தார். ஏற்கெனவே இரண்டு கால்பந்துக்காரர்களும் ஒரு குத்துச்சண்டைக்காரனும் வலையில் இருந்தார்கள். தங்கையிடம் கையெழுத்து வாங்க அவரே வீடு தேடி வந்தார். அண்ணன்காரனோ பள்ளிக்கூட நாளில் அவர் படத்துக்கு டிக்கெட் வாங்கப் போய்ச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தவன். ஒப்பந்தத்தைப் படிக்கவா தோன்றும்? அவர் தண்ணீர் குடித்துவிட்டு வைத்த டம்ளரைக் கழுவக்கூட அவனுக்கு மனசு வரவில்லை. தங்கைதான் கழுவிக் கவிழ்த்தாள்.

தேர்வு ஓட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. அதில் முதலாவதாக வந்தால் வெளிநாட்டுப் போட்டி. சின்ன வயதிலிருந்து அவள் ஓடியது அந்த ஒன்றுக்காகத்தான். அந்த வாரத்தில்தான் ஷூ விளம்பரத்தின் ஷூட்டிங்கும் வந்து விழுந்தது.

அவள் கிளம்பி ஓட வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதல் டேக்கில் மேகம் மறைத்தது. அடுத்ததில் ஷூவின் பெயர் தெரியவில்லை. இன்னொன்றில் முடி முகத்தில் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் விளக்கை நகர்த்தினார்கள், டீ குடித்தார்கள். அவள் மெல்லிய பனியனோடு காற்றில் உட்கார்ந்திருந்தாள். அப்படியே ஆறும் முடிந்தது.

ஹீரோ மானிட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "முகத்துல ஒண்ணுமே இல்லையேம்மா. ஓடுற, சரி. பாக்கறவனுக்கு என்ன கிடைக்குது?"

"ஓடும்போது முகத்துல ஒண்ணும் இருக்கக் கூடாது சார். முகம் இறுகினா காலும் இறுகிடும். அண்ணன்தான் சொல்லிக் குடுத்துச்சு." சொல்லிக்கொண்டே லேஸை அவிழ்த்தாள். பிறகு அண்ணனிடம் குரலைத் தாழ்த்தி, "தொடை சில்லுனு கிடக்குண்ணா. போலாம்" என்றாள்.

அவனும் கட்டையைக் கழற்றக் குனிந்தான். ஹீரோ எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார்.

"நீங்க சொல்லுங்க கோச். இன்னும் ஒண்ணு போலாமா? நான்லாம் ஒரு சீனுக்கு நாப்பது டேக் போறவன்."

கோச் என்றார்! அவர் வாயால்! மொத்த யூனிட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. சினிமாவில் இன்னொரு டேக் போனால் செலவாவது வெளிச்சம். இங்கே செலவாவது சதை. அது அவருக்குத் தெரியாது, இவனுக்குத் தெரியும்.

"தாராளமா சார்" என்றான்.

தங்கை அவனை ஒருமுறை பார்த்தாள். லேஸை மறுபடி கட்டினாள்.

மூன்றாவது எட்டு வைத்ததும் பின்தொடை கிழிந்தது. அந்தச் சத்தம் அவனுக்கே கேட்டது. அலறிக்கொண்டு அவள் விழ, அவன் ஓட, பின்னாலிருந்து ஹீரோவின் குரல் வந்தது. "கட் பண்ணாதே! முகத்துக்குப் போ, முகத்துக்குப் போ!" கேமரா அவனை முந்திக்கொண்டு போய் அவள் முகத்தருகே நின்றது. கடைசியில் ஹீரோ கை தட்டினார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "இதத்தான் நான் கேட்டேன்!" அவர் தட்டியதால் யூனிட்டும் தட்டியது.

நடக்கலாம், பந்தயத்தை மறந்துவிடுங்கள் என்றார் மருத்துவர். எப்போதும் அவளுக்குப் பின்னால் இரண்டாவதாக வரும் நெட்டைப் பெண் தேர்வு ஓட்டத்தில் ஜெயித்தாள். விளம்பரமோ சக்கைப்போடு போட்டது. திரும்பின பக்கமெல்லாம் தங்கையின் பிளந்த வாய், கோணிய முகம், கீழே 'வலிக்கட்டும்!' என்று கொட்டை எழுத்து. தடுக்க வழியில்லை, படிக்காமல் போட்ட கையெழுத்து அப்படி. ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு பேனர் தொங்கியது. கம்பை ஊன்றிக்கொண்டு அவள் தன் வாய்க்குக் கீழேயே போய் வந்தாள். தெருப்பிள்ளைகள் அந்த முகத்தைச் செய்து காட்டி விளையாடினார்கள்.

அந்த ஆள் வரட்டும், சட்டையைப் பிடித்துக் கேட்கிறேன் என்று அண்ணன்காரன் கறுவிக்கொண்டிருந்தான். குளியலறையில் சொல்லிச் சொல்லிப் பழகியும் வைத்திருந்தான். ஒரு நாள் அவர் வந்தே விட்டார், பூங்கொத்தோடும் நெட்டைப் பெண்ணோடும்.

"ஊரே உன் முகத்தத்தான் பாக்குதும்மா" என்று பூங்கொத்தைத் தங்கையின் மடியில் வைத்தார். பிறகு அவன் தோளில் கை போட்டார். "இந்தப் பொண்ணும் இப்ப நம்ம கம்பெனிதான் கோச். அடுத்த வாரம் ஷூட்டிங். நல்ல ஆளா ஒருத்தர் கூட வேணும். நீங்க பாத்துக்குவீங்கல்ல?"

கை கனமாக இருந்தது. வாசனையாகவும் இருந்தது.

"தாராளமா சார்."

தங்கை பூங்கொத்தைத் தரையில் வைத்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை, நெட்டைப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"ஆறுக்கு மேல கிளம்பாதடீ. இவன் போதும்னு சொல்ல மாட்டான். நீயே சொல்லிக்கோ."

பிறந்ததிலிருந்து அவள் அவனை 'இவன்' என்று சொன்னதில்லை.

நெட்டைப் பெண் ஹீரோவைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தாள். "சார் சொன்னா எத்தனை தடவை வேணாலும் ஓடுவேன்க்கா."

ஹீரோ வாய்விட்டுச் சிரித்தார். அண்ணன்காரனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.