அண்ணி சுட்ட ரொட்டி

கிரேன் ஓட்டுகிறவளுக்கு வயிறு சரியில்லை என்றால் அது லேசுப்பட்ட விஷயம் இல்லை. பஸ் ஓட்டுகிறவர் வண்டியை ஓரங்கட்டலாம், ஆபீஸில் இருப்பவர் எழுந்து போகலாம். இவள் உட்கார்ந்திருப்பதோ பாதி எழும்பிய கட்டடத்துக்கும் மேலே, தீப்பெட்டி போன்ற ஒரு கண்ணாடி கேபினில். இறங்க இரும்பு ஏணி ஒன்றுதான் வழி. கொக்கியில் கம்பிக்கட்டு தொங்கும்போது வயிறு புரட்டினால், பல்லைக் கடித்துக்கொண்டு சுமையைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

சைட்டில் அவளுக்குக் கொக்கு என்று பெயர். நெட்டை உடம்பையும் நீண்ட கழுத்தையும் பார்த்துக் கேலியாக வைத்தது. இரண்டு மூன்று வருஷமாக அவள் இளைத்த இளைப்பில் அந்தப் பெயர் அச்சு அசலாகப் பொருந்திப்போயிற்று.

சாப்பிட்டால் வயிறு பானையாக உப்பும். அப்புறம் கக்கூஸுக்கு ஓட்டம். அப்புறம் கை கால் ஓய்ந்து, கண்ணில் பூச்சி பறக்கும். முதலில் பார்த்த டாக்டர் கேஸ் ட்ரபிள் என்றார். அடுத்தவர் ஸ்கேன் எடுத்து, எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல."

"அதான். மனசுல எதையோ போட்டுக் குழப்பிக்கறீங்க."

குழப்பிக்கொள்ள அவள் மனசில் அதுவரை ஒன்றும் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் வந்தது.

அப்பா விட்டுப்போன வீட்டில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள். மாடி அறை அவளுடையது. அண்ணி விடிந்ததும் கோதுமை மாவு பிசைந்து ரொட்டி சுட்டு, டப்பாவில் அடுக்கிக் கொடுத்துவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொக்கு துணி காயப்போடப் பின்கட்டுக்குப் போனபோது, அண்ணி தன் தங்கையிடம் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"அவ போயிட்டான்னா மாடி ரூம் என் பொண்ணுக்கு ஆகும். எத்தனை நாளைக்குத்தான் இப்படியே ஓட்டறது?"

ஈரத்துணியைப் பிடித்தபடி கொக்கு அப்படியே நின்றாள். போயிட்டான்னா! எங்கே போவதைச் சொல்கிறாள்?

மறுநாள் கேபினில் டப்பாவைத் திறந்தவள் ரொட்டியை மோந்து பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அன்றிலிருந்து அதைத் தொடவில்லை. கீழே நின்று எதைத் தூக்குவது, எங்கே இறக்குவது என்று வாக்கி-டாக்கியில் சொல்கிற சிக்னல்காரரிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கடையில் சோறும் முட்டையும் வாங்கிச் சாப்பிட்டாள். ராத்திரிக்கு டாக்டர் கஞ்சிதான் குடிக்கச் சொன்னார் என்று வீட்டில் ஒரு பொய் சொல்லி, அதையும் தானே வைத்துக் குடித்தாள்.

வயிறு அடங்கியது! ஓட்டம் நின்றது. ஏணி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. சந்தோஷப்பட வேண்டியவளுக்கு உள்ளே குளிர் பரவியது. அப்படியானால் சந்தேகம் சரிதான்.

சிக்னல்காரரை மட்டும் கண்காணித்தபடியே இருந்தாள். "வயிறு கியிறு எப்படி இருக்கு அண்ணே?" என்று அடிக்கடி கேட்டாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, தொப்பைதான் போட்டது. சரி, கல்லையும் கரைக்கிற உடம்பு, இவருக்கு மெதுவாகத்தான் ஏறும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சில மாதம் போனது. அண்ணன் மகள் பரீட்சையில் தேறிய அன்று எல்லோரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். மறுக்க முடியாமல் ரெண்டு ரொட்டி தின்றாள். அன்றைக்கே பழைய கதை, ஒன்றுக்கு இரண்டாக.

அவள் சுருண்டு கிடந்ததைப் பார்த்து அண்ணியே ஒரு குடல் டாக்டரிடம் நாள் வாங்கிக் கொடுத்தாள். "கெட்டிக்காரங்களாம். போயிட்டு வா."

இவள் ஏன் இவ்வளவு அக்கறைப்படுகிறாள்? கொக்கு போனாள், ஆனால் வாயை இறுக்கிக்கொண்டு போனாள். டாக்டரம்மா கேட்டதற்கு அளந்து பதில் சொன்னாள். ரொட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. இங்கே சொல்வது அங்கே போகாது என்று என்ன நிச்சயம்? கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒரு நோய் உண்டு, அதற்கும் பார்ப்போம் என்று ரத்தம் எடுத்தார்கள். நார்மல் என்று வந்தது.

நோய் இல்லையென்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதானே. அன்று சாயங்காலம் அண்ணனைத் தெருமுனை வரை அழைத்துப்போய்ச் சொல்லிவிட்டாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றான் அண்ணன்.

"அண்ணி கொடுக்கறதை நிறுத்தினா நல்லாயிருக்கேன். சாப்பிட்டா படுத்துடறேன். நீயே சொல்லு, என்ன அர்த்தம்?"

 திரும்பி நடக்கும்போது வீட்டு வாசலில் ஒரு கணம் தயங்கிவிட்டு உள்ளே போனான்.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் போனபோது கொக்கு ஒரு முடிவோடுதான் போனாள். பிளாஸ்டிக் பையில் கட்டிய ரொட்டியை மேஜைமேல் வைத்தாள்.

"இதுல விஷம் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இதைச் சாப்பிடறதை நிறுத்திட்டீங்களா?"

"அஞ்சாறு மாசம் ஆச்சு. நடுவுல ஒரு தடவை."

"ரத்தம் எடுத்தப்பவும் சாப்பிடலையா?"

"இல்ல."

டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "நானும் கேட்காம விட்டுட்டேன், நீங்களும் சொல்லல. கோதுமையைத் தின்னுட்டு இருக்கும்போது எடுத்தாத்தான் அந்த டெஸ்ட்ல தெரியும். பல மாசம் நிறுத்திட்டா ரத்தம் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துடும். மறுபடியும் கோதுமை சாப்பிடுங்க. ஒண்ணரை மாசம், தினமும். அப்புறம் ரத்தமும் எடுப்போம், எண்டோஸ்கோபியும் பண்ணுவோம்."

"என்னைச் சாகடிக்கப் பாக்கறீங்களா?"

"இந்த ரொட்டி வேண்டாம்னா கடையில வாங்கிக்கோங்க. கோதுமையா இருந்தா சரி."

வேலைக்கு லீவு போட்டாள். வீட்டுக்குப் பக்கத்தில் வாங்காமல், பஸ் ஏறிப் போய், அண்ணிக்குத் தெரியவே தெரியாத ஒரு பேக்கரியில் பன் வாங்கினாள். மூன்றாம் நாளே வயிறு பானையானது. அப்போதும் சந்தேகம் விடவில்லை. பேக்கரிக்காரனுக்கும் அண்ணிக்கும் ஏதாவது சொந்தம் உண்டா என்று யோசித்தாள். வேறொரு கடையில் வாங்கிப் பார்த்தாள். அதுவும் அதே வேலையைத்தான் செய்தது. குளியலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது மெல்ல உறைத்தது. ஊரில் உள்ள கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்தா அவளைக் கொல்லச் சதி செய்வார்கள்?

சோதனை முடிவு வந்தது. சீலியாக் என்று பெயர் சொன்னார் டாக்டரம்மா. கோதுமையில் உள்ள ஒரு சத்தே குடலை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் வைத்தியம்.

வீட்டுக்கு வந்தவள் நேரே சமையலறைக்குப் போனாள். அண்ணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நான் உங்களைத் தப்பா..."

"தெரியும்." அண்ணி திரும்பவில்லை. "ரெண்டு மாசமா உங்க அண்ணன் வெளியிலதான் சாப்பிடறார். கேட்டா வேலை ஜாஸ்தின்னார். நேத்துதான் வாயைத் திறந்தார். பதினேழு வருஷமா என் கையால சாப்பிட்ட மனுஷன்."

 கொக்கு, அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி போனில் பேசியது காதில் விழுந்ததைச் சொன்னாள்.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். "சொன்னேன், இல்லேன்னு சொல்லல. நீ வேற வீடு பாத்துட்டுப் போனா நல்லாயிருக்கும்னு நினைச்சேன். இப்பவும் அதைத்தான் நினைக்கறேன். அதுக்காக உனக்கு விஷம் வைப்பேனா?"

அடுத்த மாதமே கொக்கு சைட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போனாள். உடம்பில் சதை போட்டது. சிக்னல்காரர், இனிமேல் பெயரை மாற்ற வேண்டியதுதான் என்றார். ஆனால் கடையில் எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் பொடி எழுத்து முழுவதையும் படிக்காமல் வாங்கமாட்டாள். படித்த பிறகும் முழுசாக நம்பமாட்டாள்.

ஒரு விடுமுறை நாளில் அண்ணன் மட்டும் வந்தான். சோறு வடித்து, முட்டைக் குழம்பு வைத்துப் பரிமாறினாள். வீட்டில் எப்படி என்று கேட்டாள்.

"இப்ப வீட்டுலதான் சாப்பிடறேன். தட்டை வெச்சுட்டு நான் முதல் வாய் எடுக்கறவரைக்கும் பாத்துக்கிட்டே நிக்கறா." அவன் சோற்றைப் பிசைந்தான். பிசைந்த கை வாய்க்குப் போகாமல் ஒரு நொடி நின்றது. அவனுக்கே அது தெரிந்திருக்காது.

கொக்கு பார்த்துவிட்டாள்.  அதே பாத்திரத்திலிருந்து தன் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டு, அவனுக்கு முந்திச் சாப்பிட ஆரம்பித்தாள்.