நான்கு மணி முற்றம்

லியோன் நகரத்தில், சேன் ழான் தெருவிலிருந்து எருதுத் தெருவுக்குப் போகும் ஊடுவழியின் நடுவே ஒரு முற்றம் இருக்கிறது. அங்கே யாராவது 'போன்சுவார்' என்று சொல்லும்வரை பொழுது சாயாது. பிரெஞ்சில் பகல் வணக்கத்துக்கு 'போன்ழூர்', சாயங்கால வணக்கத்துக்கு 'போன்சுவார்'. எப்போது ஒன்று போய் மற்றது வரவேண்டும் என்பதில் அந்த நாட்டில் இரண்டு பேர் ஒத்துப்போனதில்லை. ஆறு மணிக்கு என்பார்கள், வேலை முடிந்தால் என்பார்கள், விளக்கு போட்டால் என்பார்கள். மற்ற இடங்களில் சூரியன் இந்தத் தகராறைக் கண்டுகொள்வதில்லை. இந்த முற்றத்தில் நான்கு மணிக்கு வெயில் மூன்றாம் மாடித் தாழ்வாரத்தை எட்டி, அங்கேயே நின்று காத்திருக்கும். தினமும் யாராவது வேலையிலிருந்து வந்து, தபால் பெட்டி அருகே யாரையாவது பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவதால் நெடுங்காலம் இது யாருக்கும் தெரியவில்லை. ஓர் ஆகஸ்டில் குடியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே கல்யாணத்துக்குப் போய்விட்டு இரவு வெகுநேரம் கழித்துத் திரும்பினார்கள். தெருவில் இருட்டு, முற்றத்தில் வெயில். கொடியில் துணிகள் மொறமொறவென்று காய்ந்திருந்தன. தரைத்தளத்து மதாம் பெராஷோன் எல்லோரிடமும் விடைபெற்று "போன்சுவார்" என்றார். பாத்திரத்தை மூடியதுபோல வெளிச்சம் போனது. பழைய கட்டடம், குழாயும் இப்படித்தான் மக்கர் பண்ணுகிறது என்று பேசிக்கொண்டு படுக்கப் போனார்கள்.

மூன்றாம் மாடியில் அன்தெல்ம் வியாலும் அவன் மனைவி சோலான்ஜும் இருந்தார்கள். அன்தெல்ம் ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டி. குன்றின் மேலுள்ள ரோமானிய அரங்கு, பட்டு நெசவாளர்களின் உயரமான வீடுகள், பேராலயத்துக் கடிகாரம் என்று வந்தவர்களை நடத்தி, கடைசியில் தன் வீட்டு முற்றத்துக்கே கூட்டிவருவான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதலில் ஒரே பாடம்தான். "படம் அப்புறம் புடிக்கலாம். மொதல்ல வாயத் தொறந்து வணக்கம் சொல்லுங்க. சொல்லலைன்னா இந்த ஊர்ல காப்பி ஆறித்தான் வரும்." எந்த வணக்கம் என்று சந்தேகம் வந்தால்? "வீட்டுக்காரங்க சொல்ற வரைக்கும் சும்மா இருங்க. அவங்க சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லுங்க. தப்பே வராது." மற்ற வழிகாட்டிகளும் இதை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். சில வருடங்களில் பழைய லியோனுக்கு வருகிறவர்கள் பிரான்ஸிலேயே மரியாதை தெரிந்தவர்கள் என்று பெயர் எடுத்தார்கள்.

ஜூன் மாதத்தில் மருத்துவமனை அவனை வீட்டுக்கு அனுப்பியது. கல்லீரல். வயது முப்பத்தொன்பது. டாக்டர் கோனோன் மாடியேறி வந்து பார்த்தார். வலிக்குக் காலையில் ஓர் ஊசி, மாலையில் ஓர் ஊசி. காலை ஊசி நான்கு மணிவாக்கில் தீர்ந்துவிடும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். பிறகு சோலான்ஜைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, "இன்னிக்கு ராத்திரி தாண்டாது மதாம்," என்றார்.

அவள் தலையாட்டினாள். வெயிலைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு கதவாகத் தட்டி, அந்த வார்த்தையை யாரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, தொப்பியைத் தொட்டு, "போன்..." என்று தொடங்கினார். மதாம் பெராஷோன் பிசைந்துகொண்டிருந்த மாவுக் கையாலேயே அவர் வாயைப் பொத்தினார். டாக்டர் மீசையெல்லாம் மாவாக நின்றார். கோபப்பட வாயெடுத்தவர், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். "போன்ழூர், மதாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு வரவில்லை. ஊர் முழுக்க வந்தது, முற்றத்துக்கு மட்டும் வரவில்லை. கடிகாரங்கள் ஓடின, பொழுது ஓடவில்லை. ஜூன் போய் ஜூலை வந்தது. மதாம் பெராஷோனின் ரொட்டி காயவில்லை, ஜெரேனியச் செடிகள் தண்ணீர் கேட்கவில்லை. அன்தெல்ம் சாகவில்லை. தாழ்வாரத்து நாற்காலியில், போர்வைக்குள், வெயிலில் கண்களைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சிக்கல் ஊடுவழியின் இரண்டு தெருக்கதவுகளில் இருந்தது. ஊடுவழியைப் பகலில் வருகிறவர்களுக்குத் திறந்துவைப்பதாக நகராட்சியோடு குடியிருப்பவர்களுக்கு ஒப்பந்தம் உண்டு. பூட்டுகள் முற்றத்து வெளிச்சம் மங்கினால்தான் விழும். வெளிச்சம் மங்கவில்லை, பூட்டு விழவில்லை. வெளியே இருட்டிய பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இரவில் வெயில் தெரியும் முற்றம் என்று பேச்சுப் பரவியதும் இன்னும் அதிகமாக வந்தார்கள். சத்தம் போடாதீர்கள் என்ற பலகை ஏற்கெனவே சுவரில் இருந்தது. பெரியதாக இன்னொன்றை மாட்டினார்கள். அதைப் படித்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு வணக்கம் சொன்னார்கள். எனவே ஒரு கதவில் மதாம் பெராஷோனும் மறு கதவில் சோலான்ஜும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் வாய் திறப்பதற்கு முன் "போன்ழூர்" என்று முந்திக்கொண்டார்கள்.

"வெளிநாட்டுக்காரங்கன்னா பயமில்ல," என்றார் மதாம் பெராஷோன். "அவங்க நட்டநடு ராத்திரியிலயும் போன்ழூர்தான் சொல்லுவாங்க. நம்ம ஆளுங்கதான் வில்லங்கம். அதுலயும் உம் புருஷன் பாடம் எடுத்து அனுப்புனது இருக்கே."

நான்காம் மாடி மெஸ்ஸியே ஷஸால் டிராம் ஓட்டுபவர். விடியற்காலையில் வேலைக்குப் போக வேண்டியவர். ஜன்னலில் போர்வை மாட்டிப் பார்த்தார், மெத்தையை நிறுத்திப் பார்த்தார். ஆகஸ்டில் ஒருநாள் பனியனோடு தாழ்வாரத்துக்கு வந்து கத்தினார். "எத்தன மாசத்துக்குய்யா மத்தியானம்? நான் தூங்க வேணாமா? டிராம எங்கயாவது முட்டினா யாரு பதில் சொல்றது? இதோ சொல்றேன் பாரு!" முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சோலான்ஜ் எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஷஸாலின் வாய் திறந்தே இருந்தது. கீழ்மாடியில் போர்வைக்குள் இருந்தவன் அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான், தாராளமாகச் சொல்லுங்கள் என்பதுபோல. ஷஸால் இருமினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாளிலிருந்து டிராம் பணிமனையிலேயே படுத்தார்.

அந்தத் தலையசைப்பைச் சோலான்ஜும் பார்த்திருந்தாள்.

டாக்டர் தினமும் வந்து ஊசி போட்டார். மருந்து வேலை செய்யவில்லை. இரண்டு மடங்கு போட்டும் வேலை செய்யவில்லை. "மருந்து உள்ளதான் இருக்கு மதாம். பொழுது நகர்ந்தாத்தானே உடம்புல எறங்கும்?" என்றார். "அவருக்கு நாலு மணி வலி நாலு மணியிலயே நிக்குது." அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. ரத்த அழுத்தத்தின் அளவைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அன்தெல்ம் முனகுவதில்லை. முனகினால் கீழே வந்திருப்பவர்களுக்குச் சங்கடம். மணி என்ன என்று மட்டும் அவ்வப்போது கேட்பான். நான்கு என்பாள். ஒருமுறை, "இன்னிக்கு மத்தியானம் கொஞ்சம் நீளம் இல்ல?" என்றான். "ஆமா," என்றாள். "பரவாயில்ல. ஒனக்கு வேணும்னா இருக்கட்டும்." அந்த ஒரு வார்த்தையை அவனே சொல்லியிருக்கலாம். அவள் கேட்டுக்கொண்டதற்காக அவன் சொல்லவில்லை.

அக்டோபரில், வெளியே மழையும் இருட்டுமாக இருந்த நேரத்தில், நாந்த் நகரத்திலிருந்து ஒரு கூட்டம் சோலான்ஜின் கதவு வழியாக வந்தது. அவள் முந்திக்கொள்ளவில்லை. தூங்கிவிட்டாள் என்று பிறகு சிலர் சொன்னார்கள். மதாம் பெராஷோன் அதை ஒப்புக்கொள்ளவில்லை, கண் திறந்துதான் இருந்தது என்றார். முன்னால் வந்த பெண்மணி குடையை மடக்கினாள். வெயிலைக் கண்டு திகைத்தாள். திரும்பித் தெருவின் இருட்டைப் பார்த்தாள். வணக்கம் சொல்ல வாயைத் திறந்தாள். மறுகதவில் மதாம் பெராஷோன் பாதி எழுந்துவிட்டார், ஆனால் தூரம் அதிகம்.

பெண்மணி வாயை மூடிக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க மதாம்," என்றாள் மெதுவாக. "இங்க எதச் சொல்லணும்னு புரியல. வீட்டுக்காரங்க சொல்றதத் திருப்பிச் சொல்லணும்னு எங்க வழிகாட்டி சொன்னாரு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். பின்னால் இருந்தவர்களும் காத்திருந்தார்கள். மழைக்கோட்டுகளிலிருந்து தண்ணீர் கற்தரையில் சொட்டியது. சோலான்ஜ் எழுந்தாள். மேலே பார்த்தாள். அன்தெல்ம் தாழ்வாரத்துக் கம்பியைப் பிடித்தபடி, தன் பாடத்தைச் சரியாகப் படித்த கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விரல்கள் கம்பியில் வெளுத்திருந்தன.

"போன்சுவார்," என்றாள் அவனைப் பார்த்து.

"போன்சுவார்," என்றது கூட்டம் ஒரே குரலில்.

வெளிச்சம் போனது. இரண்டு கதவுகளிலும் பூட்டுகள் விழுந்தன. மதாம் பெராஷோனின் ரொட்டி ஒரே நொடியில் கல்லாகி மேசையில் தட்டென்று சத்தம் எழுப்பியது. கடைசியாக மேலேயிருந்து, இருட்டில், வலியில்லாத குரலில், அவனும் திருப்பிச் சொன்னான். அவள் படியேறிப் போனாள். இரவு முழுக்க அவன் தூங்கினான். தூக்கத்திலேயே இறந்தான்.

இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். நான்கு மணி வெயிலைப் படம் பிடிக்கிறார்கள். ஷஸால் வீட்டிலேயே படுக்கிறார். ஆறு மணிக்குச் சோலான்ஜ் கீழே இறங்கிவந்து, யார் இருக்கிறார்களோ அவர்களிடம் அந்த வார்த்தையைச் சொல்கிறாள். யாரும் இல்லையென்றால் மூன்றாம் மாடியைப் பார்த்துச் சொல்கிறாள். பூட்டு விழும் சத்தம் கேட்டபின், சுவரைத் தடவிக்கொண்டு மேலே போகிறாள்.