ரெண்டு மாசந்தானுங்க

"இனிப் போதுமுங்க" என்று கோமதி சொன்னபோது பஸ் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளாவுக்குள் வந்திருந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஃபைல் அவள் மடியில் கிடந்தது. நான்காவது முறையும் கரு தங்கவில்லை.

"செரி, விடு" என்றான் தனபால்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கோணும்."

"கேளு."

"ஒண்ணுமில்லீங்க. அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்துங்க, காத்தடிக்குது."

சாத்தினான். கொழிஞ்சாம்பாறை வருவதற்குள் அவனே சொன்னான்: "நீ என்ன கேக்க வந்தேன்னு தெரியும். ஊரான் பெத்த குழந்தைய வளத்திப் பாசம் வெச்சுப்போட்டு, ஒரு நாளைக்கு அவங்க வந்து கேட்டா? என்னால தாங்க முடியாது கோமதி."

"நானும் அதையேதானுங்க நெனச்சேன்" என்றாள் அவள்.

பதினாறு வருடக் குடித்தனத்தில் அவனிடம் சொன்ன பெரிய பொய் அதுதான். மூன்று வருடம் அதை நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்தாள். இன்று, மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, பாலக்காட்டில் குழந்தைகள் நலக் கமிட்டி முன்னால் போய் உட்காருவதற்காக விடியும் முன்பே குளித்துவிட்டு மூன்றாவது புடவையை மாற்றிக்கொண்டிருந்தபோது அந்த பஸ்ஸும் அந்தப் பொய்யும் நினைவுக்கு வந்தன. கல்யாணத்தன்று காலையில்கூட அவள் இப்படிப் புடவை மாற்றியதில்லை.

ஜனவரியில்தான் எல்லாம் தொடங்கியது. பஞ்சாயத்து மண்டபத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டம். ஜிஷா என்ற பெண் அதிகாரி வந்து, காப்பகங்களில் வளரும் குழந்தைகளைப் பற்றிப் பேசினாள். பள்ளி விடுமுறைக்கு எல்லாக் குழந்தைகளும் வீட்டுக்குப் போகும்போது இவர்களுக்குப் போக வீடில்லை. விருப்பமுள்ள குடும்பங்கள் ஏப்ரல், மே இரண்டு மாதமும் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளலாம். முடிந்தவர்கள் வருடக் கணக்கிலும் வளர்க்கலாம், ஆனால் அது தத்து அல்ல. சொந்தக்காரர்கள் நல்ல நிலைக்கு வந்து கேட்டால் கமிட்டி திருப்பி அனுப்பலாம். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கோமதி வீட்டில் சொல்லவில்லை. "ரெண்டு மாசந்தானுங்க, லீவுக்கு விருந்தாளி வந்த மாதிரி" என்று மட்டும் சொன்னாள். தனபால் வெகுநேரம் மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தான். பிறகு, "ரெண்டு மாசந்தானே?" என்றான். "ஆமாங்க" என்றாள். இரண்டாவது பொய்.

அதற்குப்பின் நடந்ததெல்லாம் திருவிழாதான். வருமானச் சான்றிதழுக்கு வில்லேஜ் ஆபீஸ், போலீஸ் சான்றிதழுக்கு ஸ்டேஷன், மருத்துவச் சான்றிதழுக்குத் தாலுக்கா ஆஸ்பத்திரி. தாலுக்கா ஊரான சித்தூருக்கும் வீட்டுக்கும் நடந்து கோமதியின் செருப்பு ஒன்று அறுந்தது. குழந்தைக்குத் தனிக் கட்டில், கிணற்றுக்கு இரும்பு வலை, வெளியே இருந்த குளியலறைக்குக் குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் உள்தாழ்ப்பாள். தச்சர் தாழ்ப்பாளைக் கோமதியின் இடுப்புக்கு நேராக வைத்து அளந்துவிட்டு, "எத்தன வயசு பாப்பாவுங்க?" என்றபோது, "ஒம்பது" என்று சொல்லவே அவளுக்கு வாய் இனித்தது.

வீடு பார்க்க ஜிஷா வந்த நாளை மட்டும் இந்த ஊர் மறக்காது. தனபாலின் அக்கா செல்லாத்தாள் முந்தின நாளே ஃபோன் போட்டு, பங்காளி வீடு, மாமன் வீடு என்று எல்லோரையும் திரட்டிவிட்டாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீடு நிறைய ஜனம் தெரிய வேண்டாமா, அதுபோலத்தான் இதுவும் என்று அவள் எண்ணம். ஜிஷா உள்ளே நுழைந்தபோது பாயில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தாம்பாளத்தில் பூவும் பழமும்.

"வீட்ல எத்தன பேர் தாமசம்?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டு, குடியிருப்பவர்களைக் குறிக்கும் ஃபாரத்தை ஜிஷா எடுத்தாள்.

கோமதி வாய் திறப்பதற்குள் செல்லாத்தாள் முந்திக்கொண்டாள். "இத்தன பேரும் இங்கதானுங்க. ஒரே ஊடு, ஒரே அடுப்பு. குழந்தை ஒரு நிமிசம் தனியா இருக்க உட மாட்டோமுங்க."

ஜிஷா முகம் மலர்ந்து ஒவ்வொருவர் பேராக, வயதாக எழுதிக்கொண்டாள். கோமதியையும் தனபாலையும் சேர்த்துப் பதினொன்று. எழுதி முடித்து மூடியைப் பேனாவில் செருகிவிட்டு, "அப்போ இந்தப் பதினொரு பேருக்கும் மெடிக்கலும் போலீஸ் வெரிஃபிகேஷனும் வேணும். வீட்ல தாமசிக்கிற எல்லாருக்கும் வேணும்" என்றாள்.

செல்லாத்தாளின் புருஷன் அப்புசாமி மெதுவாக எழுந்து, "நான் சும்மா மோர் குடிக்கத்தானுங்க வந்தன்" என்றார்.

"உக்காருங்க!" என்றாள் செல்லாத்தாள். "ஏம்மா, உண்மையச் சொல்லிப்போடறன். இவங்கெல்லாம் அவங்கவங்க ஊட்லதான் இருக்கறாங்க. ஆனா அந்தக் குழந்தை இங்க வந்தா எங்க எல்லார் ஊட்லயுந்தான் ஓடியாடும். அதனால எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும். எல்லாருக்கும் எடுத்துக் குடுக்கறோம்."

ஜிஷா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். செல்லாத்தாள் கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஒரு பிக்கப் வண்டியில் பதினொரு பேரும் தாலுக்கா ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றார்கள். அப்புசாமிக்கு இத்தனை நாள் தெரியாத சர்க்கரை தெரிந்தது. "பாப்பா வாரதுக்கு முன்னாடியே என்ற லட்டுக்கு வேட்டு வெச்சுட்டா" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

இந்த அமளியில் எல்லாம் தனபால் அதிகம் பேசவில்லை. அவன் செய்தது ஒன்றுதான். வீட்டைச் சுற்றியிருந்த இருபத்திரண்டு தென்னைகளைக் கள் இறக்கக் கொடுப்பதை நிறுத்தினான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வருகிற நல்ல தொகை அது. காலையிலும் மாலையிலும் ஆட்கள் ஏறி இறங்குகிற இடத்தில் பெண் குழந்தை இருக்க வேண்டாம் என்றான். "ஆபீசரம்மா சொல்லிட்டாங்க" என்றான். ஜிஷா சொன்னது கொல்லைப்புறத்தில் இருந்த கள் கொட்டகையைத் தள்ளிப் போடச் சொல்லித்தான் என்று கோமதிக்குத் தெரியும். இரண்டு மாத விருந்தாளிக்காக யாராவது அரை வருடக் குத்தகையை விடுவார்களா? அன்று முழுக்க அவள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிடலாம் போலிருந்தது. கேட்டு, அவன் 'வேண்டாம்' என்றால் அந்த இரண்டு மாதமும் போய்விடுமே என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டாள். விண்ணப்பத்தில் 'எவ்வளவு காலம்' என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கமிட்டி அவர்களுக்குச் சொல்லியிருந்த ஒன்பது வயதுச் சிவசங்கரியைக் காப்பகத்தில் இரண்டு முறை பார்த்தார்கள். வண்டிப்பெரியார் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா எங்கே என்று தெரியவில்லை. இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று பாதி வளர்ந்திருந்தது. முதல் நாள் அவள்தான் இவர்களைக் கேள்வி கேட்டாள்.

"உங்க ஊர்ல அட்டை கடிக்குமா அத்தை?"

"அட்டையுங்களா? இல்லீங் கண்ணு. எங்கூர்ல வெயிலுதான் கடிக்கும்."

"வெயிலு கடிச்சா உப்புப் போட்டா விடாதே. அப்ப என்ன செய்வீக?"

"எளநி குடிப்போம்" என்றான் தனபால். அவன் தானாக வாய் திறந்த முதல் தடவை அது.

"எத்தனை குடிப்பீக?"

"நீ எத்தன குடிப்ப?"

"நாலு" என்றாள் கொஞ்சமும் யோசிக்காமல். தனபால் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று கோமதி திரும்பிப் பார்த்தாள்.

இரண்டாம் முறை கிளம்பும்போது சிவசங்கரி வாசல் கேட் வரை வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஸ்கூல் தொறந்ததும் நான் இங்கனயே வந்துறணும்ல?" என்றாள். அழுகை இல்லை, பஸ் நேரம் கேட்பது போலக் கேட்டாள். குழந்தைக்கு எந்த வாக்கும் கொடுக்கக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். கோமதி அவள் பின்னலின் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டினாள். வேறொன்றும் செய்ய முடியவில்லை.

இன்று கமிட்டி அறையில் நீண்ட மேஜை. தலைவி அம்மாள் நரைத்த தலையும் பருத்திப் புடவையுமாக இருந்தார். சிவசங்கரியிடம் முன்பே தனியாகப் பேசி முடித்திருந்தார்கள். வாசலில் பெஞ்சில் ஜிஷாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கூட வந்திருந்த செல்லாத்தாளின் கை வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்ததைக் கோமதியும் தனபாலும் உள்ளே வரும்போது பார்த்தார்கள். தலைவி ஃபைலைப் புரட்டிப் புரட்டி, பதினொரு மருத்துவச் சான்றிதழ்களையும் பார்த்துக் கண்ணாடிக்கு மேல் ஒரு பார்வை பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. ஒரு இடம் மட்டும் காலியா இருக்கே. லீவுக்கு மட்டுமா, அதுக்கு மேலயா? குழந்தைகிட்டயும் கேட்டாச்சு. அவ சொன்னது அப்புறம். முதல்ல நீங்க சொல்லணும். எழுதிட்டா ஜூன் ஒண்ணாந்தேதி அதுபடிதான் நடக்கும்."

கோமதியின் பக்கத்தில் தனபால் தொண்டையைச் செருமினான். மனைவிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் போல நிமிர்ந்து உட்கார்ந்து, அவள் பக்கம் பார்க்காமல், மெல்லச் சொன்னான்.

"ரெண்டு மாசமுங்க. அப்படித்தான் இவ ஆசப்பட்டா."

தலைவி தலையை ஆட்டிவிட்டுப் பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்தார். 'இவ ஆசப்பட்டா.' அவன் குரல் ஏன் இப்படி வறண்டிருக்கிறது? இருபத்திரண்டு தென்னைகளும், நாலு இளநீரும், தீவனம் கலக்கிய கைகளும் ஒரே நொடியில் அவளுக்குள் திரண்டு எழுந்தன. அவள் கை மேஜையைத் தாண்டிப் போய் ஃபாரத்தின் மேல் விழுந்தது. பேனா நின்றது.

"எழுதாதீங்க மேடம்" என்றாள். பிறகு தலைவியை விட்டுவிட்டு, நாற்காலியோடு அவன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, நான் உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டன். எனக்கு ரெண்டு மாசம் பத்தாதுங்க. அந்தக் குழந்தை நம்மகிட்டயே இருக்கட்டுமுங்க. ஜூன் மாசம் நம்மூட்ல இருந்தே ஸ்கூலுக்குப் போவட்டும். என்னைக்காவது யாராச்சும் வந்து கேட்டா, அன்னைக்கு ரெண்டு பேருமாச் சேந்து அழுதுக்கலாமுங்க. இப்ப இருக்கட்டுமுங்க."

கட்டத்துக்குள் பாதி வளைந்து நின்ற '2' என்ற எண்ணின் நுனியில், ஈர மை சின்னப் பொட்டாகத் திரண்டு மினுங்கிக்கொண்டிருந்தது.