ஏழாவது சுவர் எழுந்ததா?

1

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்று ஒரு சுவரின் கதை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது நானாகக் கண்டுபிடித்ததல்ல. பல் டாக்டரிடம் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிப் பெண் சொன்னது. முக்கியமான இடத்தில் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது வாய் மரத்துப்போயிருந்தது. முடிவைச் சொல்ல முடியாமல் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

2

பொன்னான அந்தக் காலையில் கதிரவன் தன்—

(வேண்டாம். கட்டட வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் கதிரவனைப் பற்றி வேறு மாதிரி சொல்வார்கள்.)

பெரிய கிடங்கு ஒன்று கட்டுகிறார்கள். தளத்தின் மேலேயே சுவரைப் படுக்கையாகக் கான்கிரீட்டில் வார்த்து, இறுகியதும் கிரேனால் தூக்கி நிமிர்த்துகிறார்கள். வார்ப்பதற்கு முன்பு, தளத்தில் ஒட்டாமலிருக்க மருந்து தெளிக்க வேண்டும், சட்டிக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி. அதுதான் நம் மருந்துக்காரியின் வேலை.

ஆறு சுவர் நிமிர்ந்துவிட்டது. ஏழாவதுக்குக் கொக்கி மாட்டும்போதுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. வார்ப்பதற்கு முன்பு ஏழாவது இடத்தில் தெளிக்கும்போது மகள் போன் பண்ணினாள்: "அம்மா, என் நீலச் சட்டை எங்க?" பேசி முடித்துத் திரும்பியவள் விட்ட இடத்திலிருந்து தெளித்தாளா, எட்டாவதுக்குப் போய்விட்டாளா?

3

ஏன் உடனே வாயைத் திறக்கவில்லை என்று எனக்கே அவள்மேல் கோபம். ஆனால் மேஸ்திரி அவளுடைய அக்கா புருஷன். வேலை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். சொன்னால் வேலை போகும். அக்கா வீட்டில் ஆயுசுக்கும் பேச்சு. சொல்லாவிட்டால்? ஒட்டிய சுவரை இழுத்தால் கொக்கி பிய்த்துக்கொண்டு சுவர் யார்மேல் விழுமோ.

(மேஸ்திரிக்கு முதலில் பெரிய மீசை வைத்திருந்தேன். வில்லனாகிவிட்டார். மழித்துவிட்டேன்.)

4

"அத்தான், தூக்காதீங்க."

"ஏன், சுவருக்கு இன்னும் தூக்கம் கலையலையா?"

"ஏழாவதுக்கு மருந்து அடிச்சேனான்னு ஞாபகமில்ல."

"ஒண்ணு அடிச்சிருப்பே, இல்ல அடிக்காம இருப்பே!"

"அதுல எதுன்னுதான் தெரியல."

கிரேன்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னய்யா, குடும்பப் பஞ்சாயத்தா?"

மேஸ்திரி சுவரோரம் தளத்தில் தண்ணீர் தெளித்தார். மருந்து இருந்தால் முத்து முத்தாக நிற்கும். ஒரு பக்கம் நின்றது. மறுபக்கம் ஊறிப்போயிற்று.

"பாதிக்குத்தான் அடிச்சிருக்கே. மீதிக்கு என்ன பண்ணே?"

"போன்லயே சட்டை தேடிக் குடுத்தேன், அத்தான்."

"யாருக்கு? சுவருக்கா?"

திட்டிக்கொண்டே எல்லோரையும் தூரத் தள்ளி நிறுத்தினார். ஒட்டிய இடம் விட்டுக்கொடுக்க ஓரமெல்லாம் ஆப்பு அடித்தார். பிறகு கிரேன்காரருக்குக் கை காட்டினார்: "மெதுவா... மெதுவா..." இரும்புக் கயிறு விறைத்தது.

5

முடிவு ஒன்று: சுவர் எழுந்தது, எல்லோரும் கை தட்டி— (சினிமா.)

முடிவு இரண்டு: சுவரோடு தளமும் பெயர்ந்துகொண்டு— (கோடு போட்டு அடித்துவிட்டேன். எனக்கே பயமாக இருக்கிறது.)

எழுந்ததா இல்லையா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். எப்படி முடித்தாலும் சரி, சுவருக்குக் கீழே ஆள் யாரும் இல்லை. அதை மட்டும் அவள் பார்த்துக்கொண்டாள்.

உங்கள் வீட்டிலும் "மறந்துட்டேன் போல" என்று வாய்திறந்து சொல்ல ஒருத்தியும், கொஞ்சமாகக் கத்திவிட்டுக் காரியத்தைப் பார்க்க ஒருத்தரும் என்றைக்கும் இருக்கட்டும். எல்லோரும் நன்றாக இருங்கள், கண்ணுகளா.