மேற்கு மூலை நீங்கலாக

"மூன்று தலைமுறையாக உரம் படாத புல்வெளி" என்று பெரியவரின் அப்பா தன் கைப்பட எழுதி வாயிற்கதவில் மாட்டிய பலகை அது. அதைப் பொய் என்று ஒரு கணினி சொல்லிவிட்டதைப் பெரியவரால் தாங்க முடியவில்லை. கணினியையாவது விட்டுவிடலாம். சொல்ல வைத்தவள் மருமகள்.

அவள் வேலையே அதுதான். எந்தத் தேதியில் புல் அறுத்தார்கள், எத்தனை நாள் மாடு மேய்ந்தது என்று கொடுத்தால், கணினி திரைக்குள் ஒரு புல்வெளியை வருடம் வருடமாக வளர்த்துக் காட்டும். அப்பாவின் குறிப்பேட்டைத்தான் கொடுத்திருந்தாள். வடக்கும் தெற்கும் நிலத்தில் இருப்பது போலவே வந்தன. மேற்கு மூலையில் மட்டும் திரையில் நாற்பத்திரண்டு வகைச் செடிகள், நிலத்தில் பதினொன்று. உரம் போட்டதாகச் சொன்னால்தான் கணக்கு இறங்கியது. உரம் கண்ட இடத்தில் தடித்த புல் கொழுத்துச் சின்னச் செடிகளை அமுக்கிவிடும், மண் அதை லேசில் மறக்காது என்றாள். அறிக்கை அடுத்த வாரம் புல்வெளிப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போகிறது.

வீட்டுக்கு வந்த முதல் நாளே இவள் அந்தப் பலகையைப் படம் பிடித்தது பெரியவருக்கு ஞாபகம் வந்தது. அன்று சிரித்தாளே, அது என்ன சிரிப்பு?

அவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் அத்தனை தேதிகளையும் அவரே தட்டினார். நாற்பத்திரண்டு. செடி எண்ணுவதற்கு மருமகள் வைத்திருந்த சதுர மரச்சட்டத்தை எடுத்துக்கொண்டு போய், மேற்கு மூலையில் மண்டியிட்டு எண்ணினார். பதினொன்று. மறுபடி எண்ணினார். செடிகள் மருமகள் பக்கம் சேர்ந்துவிட்டிருந்தன.

எழுந்தபோது சந்தேகம் தம்பி மேல் திரும்பியது. இத்தனை வருடமும் அறுப்பு இயந்திரம் ஓட்டியவன் அவன்தானே. கொட்டகையில் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மேற்கு மூலையில என்னத்தைடா போட்டே?"

"நான் போடலைண்ணா. மூட்டை தூக்கினதோட சரி."

"யாருக்குத் தூக்கினே?"

தம்பி பலகை இருந்த பக்கம் பார்த்தான்.

பிறகு மெதுவாகக் கக்கினான். அண்ணன் கல்யாணத்துக்கு முந்தின வருடம் புல் எழவில்லை. மாடுகளுக்கு விலா தெரிந்தது. சம்பந்தி வீட்டார் வந்து பார்த்தால் மானம் போய்விடும் என்று அப்பா இரண்டு மூட்டை இறக்கினார். ருசி கண்டு, மூன்று வருடம் போட்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"பெரியவனுக்குத் தெரிஞ்சா எனக்கே பாடம் எடுப்பான்னாரு."

பெரியவர் வீட்டுக்குள் போனார். குறிப்பேட்டில், அப்பாவின் முத்து முத்தான எழுத்துக்குக் கீழே, அந்த மூன்று வருடங்களிலும் உரத்தைத் தன் கையால் எழுதினார். மருமகள் கணினியில் மேற்கு மூலையை மறுபடி ஓட்டினாள்.

"பன்னெண்டு வருது மாமா." சற்றுத் தயங்கினாள். "பலகையைப் பத்தி அறிக்கையில எழுதாம விட்டுடவா?"

பெரியவர் முதுகை நிமிர்த்தினார். "நம்ம வீட்டுத் தப்பை நாமதான் சொல்லணும். எழுதும்மா."

சாயமும் தூரிகையும் தம்பி கொண்டுவந்தான். அப்பாவின் வரிக்குக் கீழே, "மேற்கு மூலை நீங்கலாக" என்று பெரியவர் நிதானமாக எழுதினார். தம்பி சாய டப்பாவை மூடப் போனான்.

"இரு. அவ இன்னும் கிழக்கை ஓட்டலை," என்று சொல்லிவிட்டு, தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.